தீவனச் சாக்குத் துணிதான் என்று எதை வைத்து உறுதி செய்வது?

நூல்கண்டு எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வசிக்கிறேன். துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த குவில்ட் போர்வைகளில் பழைய கைத்தையல் வகைகளைச் சேகரிப்பதில், குறிப்பாக 1930களையும் 1940களையும் சேர்ந்தவற்றில், எனக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. அண்மையில் ஒரு பண்ணை வீட்டின் பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது, 'ஃபீட்சாக்' (தீவனம் வந்த, பின்னர் தையலுக்குப் பயன்பட்ட பருத்திச் சாக்கு) என்று சீட்டு ஒட்டிய ஒரு பெட்டியை அதிலிருந்த துணிகளோடு மொத்தமாக வாங்கினேன். அவற்றைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க விரும்புகிறேன்.

பெட்டியில் மூன்று வகைப் பொருள்கள் இருந்தன. ஒன்று, 'டபுள் வெடிங் ரிங்' வடிவத்தில் முழுமையாகத் தைத்து முடிக்கப்பட்ட குவில்ட். வெள்ளைத் தரையில் நூற்றுக்கணக்கான சிறு அச்சுத் துண்டுகள் வளையங்களாகச் சேர்க்கப்பட்டு, ஓரமும் அந்த வளைவுக்கேற்பவே வளைத்து முடிக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்று, 'கிராண்ட்மதர்ஸ் ஃபிளவர் கார்டன்' வடிவத்தில் அறுகோணத் துண்டுகளை இணைத்த மேலடுக்கு. இதற்குப் பஞ்சும் அடித்துணியும் வைக்கப்படவே இல்லை. இவற்றோடு ஓர் அடுக்கு அச்சுத் துணிகளும் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பிரித்து விரித்த நிலையில் இருக்கின்றன. ஒன்று மட்டும் தையல் பிரிக்கப்படாமல் சாக்காகவே இருக்கிறது, அதன் நடுவில் கிழிந்த காகிதப் பட்டை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிரித்த துணிகளில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. வெளிர்பச்சைத் தரையில் செர்ரிப் பழக் கொத்துகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. பழத்தின் சிவப்பு அதன் கோட்டுக்குள் சரியாக விழாமல் ஒரு நூலளவு விலகியிருக்கிறது. அந்தத் துணியின் ஓரத்தை ஒட்டி, சம இடைவெளியில் சிறு துளைகள் ஒரே வரிசையாக ஓடுகின்றன. ஆனால் இதே அடுக்கில், ஏறக்குறைய இதே அளவிலுள்ள வேறு சில துணிகளில் அப்படி எதுவும் தென்படவில்லை.

ஏலத்தில் பக்கத்தில் நின்ற ஒரு வியாபாரி, நெசவு முரடாக இருந்தாலே அது தீவனச் சாக்குதான் என்றார். வேறு இடங்களிலும் இதே கருத்தைக் கேட்டிருக்கிறேன். இது சரியா? குவில்ட்டில் உள்ள சிறு துண்டுகளும் சாக்குத் துணிதானா என்பதை அறிய வழி உண்டா? இவற்றைத் துவைக்கலாமா? தைத்த நிலையில் இருக்கும் சாக்கைப் பிரிக்கலாமா? பாதியில் நிற்கும் மேலடுக்கை நான் முடிக்கலாமா? கேள்விகள் பல என்பதை அறிவேன். தெரிந்தவரை வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாவும்ஊடையும் எழுதியது:

வணக்கம். உங்கள் விவரிப்பிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. செர்ரித் துணியின் ஓரத்தில் ஓடுகிறதே, அந்தத் துளை வரிசைதான் தனித் துணியொன்று சாக்காக இருந்தது என்பதற்கான உறுதியான சான்று. முரட்டு நெசவு, வெளிர் நிறம், ஒரு கெஜத்தைச் சற்றே தாண்டும் அளவு ஆகியவை நம் ஊகத்தை வலுப்படுத்தலாமே தவிர, அவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது.

துளைகள் ஏன் விழுந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் தேடுவது எளிதாகும். நூறு பவுண்டு கோழித் தீவனத்தைத் தாங்க வேண்டிய சாக்கை, பை ஆலைகளில் தடித்த நூலும் தடித்த ஊசியும் கொண்டு சங்கிலித் தையலால் தைத்தார்கள். சங்கிலித் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் கழன்று வந்துவிடும்; வீட்டுப் பெண்கள் அந்த நூலையும் சுருட்டி வைத்துக் குரோஷா பின்னவும் குவில்ட் தைக்கவும் பயன்படுத்தினார்கள். நூல் போன பிறகும், ஊசி விலக்கிய பாவும் ஊடையும் (நெடுக்கிழையும் குறுக்கிழையும்) பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை. ஆகவே துணியைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எல்லா ஓரங்களையும் பொறுமையாகப் பாருங்கள். மடிப்பாக இருந்த பக்கத்தில் துளை இராது, தைத்த பக்கங்களில் மட்டுமே இருக்கும். பலமுறை துவைத்து இஸ்திரி போட்ட துணியில் துளைகள் ஓரளவு மூடிக்கொள்ளும் என்பதால், ஓரங்களைப் பார்த்து முடிக்கும் வரை எதையும் தண்ணீரில் போட வேண்டாம். துளை இல்லாத துணி சாக்காக இருந்திருக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. தையல் ஓரத்தை வெட்டி எறிந்திருக்கலாம்.

முரட்டு நெசவு பற்றிய அந்தக் கருத்து இவ்வளவு பரவியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. பொருளாதார மந்தக் காலத்தில் கடைகளில் கெஜக் கணக்கில் விற்ற மலிவான சீட்டித் துணிகளும் அதே அளவு தளர்வாக நெய்யப்பட்டவைதான். மறுபக்கம், சாக்குகளிலேயே நயமான நெசவு கொண்டவையும் உண்டு. பை நிறுவனங்களுக்கிடையே போட்டி மிகுந்தபோது பெர்கேல் போன்ற நெருக்கமான துணிகளும் சாக்காயின. அதோடு, ஒரே அச்சு வடிவம் சாக்கிலும் கடைத் துணியிலும் வந்ததுண்டு. ஆகவே ஒரு படத்தைப் பார்த்து 'இது சாக்கு அச்சு' என்று சொல்பவர், அந்த அச்சு சாக்கிலும் வந்தது என்பதைத்தான் சொல்கிறார். உங்கள் கையிலிருக்கும் துணி சாக்காக இருந்ததா என்பது அதனால் முடிவாகாது.

இந்தத் துணிகளின் வரலாறு உங்கள் மாநிலத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் மாவும் தானியமும் மரப் பீப்பாய்களில்தான் போயின. 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரத்துக்குப் பிறகு, பாரம் தாங்கும் உறுதியான தையலைத் துணியில் போட முடிந்ததால், சாக்கு படிப்படியாகப் பீப்பாயின் இடத்தைப் பிடித்தது. ஆனாலும் அளவு மட்டும் பீப்பாயின் கணக்கிலேயே நின்றது. ஒரு பீப்பாய் மாவு 196 பவுண்டு. அதில் பாதி 98, கால் பங்கு 49. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சேகரிப்பாளருக்கு இவை மிகவும் உதவும்.

தொடக்கத்தில் சாக்குகள் வெள்ளையாகவே இருந்தன; ஆலையின் பெயரும் சின்னமும் அவற்றின்மேல் மையால் அச்சிடப்பட்டன. அந்த மையை எடுப்பதற்காகப் பன்றிக் கொழுப்பையோ மண்ணெண்ணெயையோ தடவி ஊறவைத்து, காரச் சோப்பிட்டு அடித்துத் துவைத்தார்கள். 1924இல் ஆசா பேல்ஸ் என்பவர், உடுப்புத் தைக்க ஏற்ற துணியிலேயே சாக்கைத் தயாரிக்கும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதன் உரிமை உங்கள் மிசூரியிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரின் ஜார்ஜ் பி. பிளான்ட் மில்லிங் கம்பெனிக்குப் போயிற்று. அந்நிறுவனத்தின் 'ஜிங்ஹாம் கேர்ள்' மாவு கட்டம் போட்ட துணிச் சாக்கில் விற்பனைக்கு வந்தது. 1930களில் பை நிறுவனங்கள் துணி வடிவமைப்பாளர்களை வைத்துப் புதிய புதிய அச்சுகளை வெளியிட்டன; ஆலையின் பெயரைத் துணியில் அச்சிடுவதை விட்டு, தண்ணீரில் நனைத்தால் உரிந்துவிடும் காகிதப் பட்டையில் அச்சிட்டு ஒட்டினார்கள். உங்கள் சாக்கில் இருப்பது அத்தகைய பட்டைதான்.

நூறு பவுண்டுச் சாக்கைப் பிரித்தால் ஏறத்தாழ 36 அங்குல அகலமும் 44 அங்குல நீளமும் கிடைக்கும். ஒரு பெண்ணுக்கு உடுப்புத் தைக்க அப்படி மூன்று சாக்காவது வேண்டும். எனவே, முன்பு வாங்கிய அச்சிலேயே அடுத்த மூட்டையும் வேண்டும் என்று கணவரிடம் மாதிரித் துண்டைக் கொடுத்தனுப்பிய பெண்கள் ஏராளம். தீவனக் கடையில் அடுக்கின் அடியில் இருக்கும் மூட்டைக்காக மேலே உள்ள அத்தனையையும் இறக்கிப் போட வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடைத் துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தச் சாக்குகளின் மதிப்பு இன்னும் உயர்ந்தது.

குவில்ட்டின் சிறு துண்டுகளைப் பொறுத்தவரை, தனித் துண்டு சாக்குதான் என்று நிறுவுவது பெரும்பாலும் இயலாத செயல். உடுப்புத் தைத்து மிஞ்சியவை, கடைத் துணியில் மிஞ்சியவை, தபால் வழியே கட்டுக்கட்டாக விற்கப்பட்ட வெட்டுத் துண்டுகள் என எல்லாம் ஒரே குவில்ட்டில் கலந்திருக்கும். துளை வரிசை தற்செயலாக ஒரு துண்டுக்குள் விழுந்திருந்தால் அது நல்வாய்ப்பு. அதைவிட நம்பிக்கையோடு பார்க்க வேண்டிய இடம் அடித்துணி. நான்கு வெள்ளைச் சாக்குகளை இணைத்து அடித்துணியாக வைப்பது அன்று மிகப் பரவலான வழக்கம். குவில்ட்டைத் திருப்பிப் போட்டு, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, முழுதாகப் போகாத எழுத்து ஏதேனும் நிழலாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

கரைநூல் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். காலத்தைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

மேலடுக்கின் காலமும் குவில்ட்டின் காலமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 1930களில் அமெரிக்கா முழுவதும் குவில்ட் ஆர்வம் உச்சத்தில் இருந்தது. 'கன்சாஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழ் 1928 முதல் 1961 வரை குவில்ட் வடிவங்களை வெளியிட்டு வந்தது. 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய போட்டிக்கு 24,000க்கும் மேற்பட்ட குவில்ட்டுகள் வந்து சேர்ந்தன. அந்த ஆர்வத்தில் தொடங்கி, மேலடுக்கோடு நின்றுபோனவை கணக்கற்றவை. அவற்றில் பல 1970களுக்குப் பிறகு வேறு கைகளால் பஞ்சு வைத்து முடிக்கப்பட்டன. ஆகவே உங்கள் டபுள் வெடிங் ரிங்கில், முதலில் உள்ளிருக்கும் பஞ்சைக் கவனியுங்கள். பருத்திப் பஞ்சு தட்டையாகவும் கனமாகவும் இருக்கும்; பாலியெஸ்டர் பஞ்சு உப்பலாக, விரலால் அழுத்தினால் மேலெழும்பும். தேய்ந்த ஓரத்திலோ பிரிந்த தையலிலோ உள்ளிருந்து வழுவழுப்பான வெள்ளை இழைகள் தலைநீட்டினால், தைத்து முடித்தது 1960களுக்குப் பின் என்றே கொள்ளலாம். பருத்திப் பஞ்சில் விதைத் துணுக்குகள் கருப்பாகத் தெரிந்தால் குவில்ட் மிகப் பழையது என்று சிலர் விலை ஏற்றுவார்கள். அதை நம்ப வேண்டாம். 1793க்குப் பிறகு பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் பஞ்சரவை இயந்திரம் வந்துவிட்டாலும், மலிவான பஞ்சில் விதைத் துணுக்குகள் 20ஆம் நூற்றாண்டிலும் இருந்தன.

காலத்தை அறியச் சிலர் பயன்படுத்தும் புற ஊதா விளக்கைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். இக்காலச் சலவைத் தூள்களில் உள்ள வெண்மையூட்டிகள் அந்த விளக்கில் நீலமாக ஒளிரும் என்பது உண்மை. ஆனால் 1935ஆம் ஆண்டுக் குவில்ட்டைச் சென்ற ஆண்டு ஒருவர் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரத்தான் செய்யும். ஒளிராத துணி என்றால் சற்று ஆறுதல் கொள்ளலாம், அவ்வளவே. தையல் நூல் மட்டும் தனியாக ஒளிர்ந்து, சுற்றியுள்ள துணி மங்கலாக இருந்தால், அது பிற்காலத் தையலாக இருக்கலாம் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

தனித் துணிகளைப் பொறுத்தவரை, 1930களின் அச்சுகளைப் பின்பற்றிய மறுபதிப்புத் துணிகள் 1990கள் முதல் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை கெட்ட எண்ணத்தில் செய்யப்பட்டவை அல்ல. குவில்ட் தைப்போருக்காகவே தயாரிக்கப்பட்டவை. ஆனால் துணியின் நெய்த விளிம்பான கரையை வெட்டிவிட்டு அவற்றைப் பழையவை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மறுபதிப்பின் பரப்பு மிகச் சீராக இருக்கும், முழு அகலம் 44 அங்குல அளவில் வரும், நிறங்கள் கோட்டுக்குள் துல்லியமாக விழுந்திருக்கும். உங்கள் செர்ரி தன் கோட்டை விட்டு விலகியிருப்பதைச் சொன்னீர்கள். அதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதனுடன் துளை வரிசையும் இருக்கும்போது நான் ஐயப்பட மாட்டேன். வெளிர்பச்சைத் தரையும் அக்காலத்துக்குப் பொருத்தமானதே. 'நைல் கிரீன்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பச்சை 1930களின் குவில்ட்டுகள் எங்கும் காணப்படும்.

நூல்கண்டு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன முறையிலேயே எல்லாவற்றையும் மீண்டும் பார்த்தேன்.

அடுக்கில் இருந்த துணிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது துளைகள் தெரிந்தன. முதலில் மேசைமேல் வைத்துப் பார்த்ததால் அவை கண்ணில் படவில்லை. குவில்ட்டின் அடித்துணி நான்கு பெரிய துண்டுகளால் ஆனது. அவற்றுள் ஒன்றில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், வட்டத்துக்குள் ஏதோ சின்னமும் அதன் கீழே மூன்று நான்கு எழுத்துகளும் இளஞ்சிவப்பு நிழலாகத் தெரிகின்றன. அந்த எழுத்துகளின் குறுக்கே, வளையங்களைப் பின்தொடர்ந்து, தையல்காரரின் ஓட்டுத் தையல் சிறிதும் தளராமல் போகிறது. பஞ்சு தட்டையாகவே இருக்கிறது.

பிரிக்காத சாக்கின் காகிதப் பட்டையில் ஆலையின் பெயர் கிழிந்துபோயிருக்கிறது. ஆனால் கீழ் ஓரத்தில் '98' என்ற எண்ணும் பவுண்டு என்ற சொல்லும் தெளிவாக இருக்கின்றன. தைத்த மூலையில் வெள்ளைத் தூள் சிறிது தங்கியிருக்கிறது.

இப்போது என் கவலையெல்லாம் பராமரிப்பைப் பற்றியது. குவில்ட்டில் பழுப்புப் புள்ளிகள் உள்ளன, மடிப்புக் கோடுகளில் மஞ்சள் ஏறியிருக்கிறது. மேலடுக்கில் அடர்சிவப்புத் துண்டுகளும், தொட்டால் நொறுங்கும் நிலையில் இரண்டொரு அடர்பழுப்புத் துண்டுகளும் இருக்கின்றன.

காடா எழுதியது:

வணக்கம். துணிப் பாதுகாப்பில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் நொறுங்கும் பழுப்புத் துண்டுகளைப் பார்ப்போம். பழுப்பும் கருப்பும் பிடிப்பதற்காக அக்காலச் சாயங்கள் சிலவற்றில் இரும்பு உப்புகளைச் சேர்த்தார்கள். அந்த இரும்பு காலப்போக்கில் பருத்தி இழையையே அரித்துவிடுகிறது. சுற்றியுள்ள துண்டுகள் உறுதியாக இருக்கும்போது பழுப்பு மட்டும் பொடியாவதற்குக் காரணம் இதுதான். இதை நிறுத்தும் வழி வீட்டில் இல்லை. துண்டை அகற்றி வேறு துணி வைக்கவும் வேண்டாம். மெல்லிய வலைத் துணியை அதன்மேல் வைத்து, பழுதுபட்ட துண்டைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள உறுதியான துண்டுகளில் சிறு தையலிட்டுப் பிடிக்கச் செய்யுங்கள். உதிர்வது நின்றுவிடும், மூலத் துணியும் அங்கேயே இருக்கும்.

மேலடுக்கைத் துவைக்கவே கூடாது. தையல் ஓரங்கள் திறந்திருப்பதால் இழைகள் பிரிந்து முடிச்சிட்டுக்கொள்ளும், அடர்சிவப்பு பக்கத்திலுள்ள வெள்ளையில் இறங்கினால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. இரவு முழுவதும் ஒரு காடாத் துணியின்மேல் விரித்து வைத்து, மெல்லிய வலைத் திரையை மேலே போட்டு, வாக்குவம் கருவியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்துத் திரையின் வழியே தூசியை எடுத்தால் போதும்.

குவில்ட்டைத் துவைப்பதா என்பது சாயத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு நிறத்திலும், ஆம், ஒவ்வொரு நிறத்திலும், கண்ணில் படாத ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஊறியதும் வெள்ளை மையொற்றுத் தாளால் அழுத்திப் பாருங்கள். பிறகு சோப்புக் கரைசலோடும் அதேபோல் செய்யுங்கள். தாளில் நிறத்தின் சாயல் சிறிதளவு பட்டாலும் அத்துடன் நிறுத்திவிடுங்கள். எந்த நிறமும் இறங்கவில்லை என்றால், குளியல் தொட்டியில் ஒரு பெரிய வெள்ளை விரிப்பைப் பரப்பி, அதன்மேல் குவில்ட்டை மடிப்பின்றி வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மூழ்கவிட்டு உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். கசக்கவும் பிழியவும் வேண்டாம். பலரும் பயன்படுத்துவது 'ஆர்வஸ்' என்னும் மணமற்ற சோப்புப் பசை. கால்நடைகளைக் குளிப்பாட்டுவதற்காக விற்கப்படும் பொருள் என்பதால் தீவனக் கடைகளிலேயே கிடைக்கும். குளோரின் வெளுப்பான் எந்த நிலையிலும் ஆகாது. அலசும் தண்ணீர் தெளியும் வரை மீண்டும் மீண்டும் அலசி, கடைசி அலசலுக்குத் தாது நீக்கிய தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

ஈரமான குவில்ட்டின் எடை மிக அதிகம். அதைத் தூக்கிக் கொடியில் போட்டால், அந்த எடை முழுவதும் பழைய தையலில் விழுந்து வரிசை வரிசையாக அறுந்துவிடும். விரிப்பின் நான்கு மூலைகளையும் இருவராகப் பிடித்து அப்படியே தூக்கி, நிழலில் சமதளத்தில் விரித்து உலர்த்த வேண்டும். மஞ்சள் கோடுகள் குறையும். பழுப்புப் புள்ளிகள் சில நின்றுவிடும், அவற்றை விட்டுவிடுங்கள். புள்ளியைப் போக்குவதற்காகத் துணியையே இழந்த குவில்ட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சேமிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரப் பெட்டியில் நேரடியாக வைக்காதீர்கள், மரத்திலிருந்து வரும் அமிலம்தான் மஞ்சளாக்குகிறது. நெகிழிப் பையும் வேண்டாம். அமிலமற்ற தாளைச் சுருட்டி மடிப்புகளுக்குள் வைத்து, துவைத்த காடாத் துணியில் பொதிந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு இடத்தில் மடிப்பு விழுமாறு மாற்றி மடியுங்கள். சாக்கின் மூலையில் தங்கிய தூள் மாவாக இருந்தால் பூச்சியை வரவழைக்கும். சாக்கை மற்றத் துணிகளிலிருந்து பிரித்துத் தனிப் பெட்டியில் வையுங்கள்.

பூந்தையல் எழுதியது:

மேலடுக்கை முடிக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருப்பார்கள்.

நான் முடிக்க மாட்டேன். குவில்ட் தைப்பது என் அன்றாட வேலை, பாதியில் நிற்கும் மேலடுக்கைப் பார்த்தால் கை பரபரக்கத்தான் செய்யும். ஆயினும் தைக்காத மேலடுக்கில்தான் பின்பக்கம் திறந்திருக்கிறது. ஒவ்வொரு அறுகோணமும் எந்தத் துண்டிலிருந்து வெட்டப்பட்டது, தையல் ஓரத்தில் பழைய துளை ஏதும் இருக்கிறதா, நிறம் மங்குவதற்கு முன் எப்படி இருந்தது என்பதையெல்லாம் அங்கேதான் பார்க்க முடியும். பஞ்சு வைத்து மூடிவிட்டால் அந்தச் சான்று நம் கண்ணுக்கு எட்டாது. முன்பக்கத்தில் சாக்கு என்று நிறுவ முடியாத துண்டுகளுக்குப் பின்பக்கத்தில் விடை கிடைக்கக்கூடும் என்பதால், முதலில் பின்பக்கம் முழுவதையும் படமெடுத்துவிடுங்கள்.

துளை வரிசை இல்லாத, காலம் உறுதியாகாத தனித் துணிகளை வெட்டித் தைப்பதில் எனக்குத் தடையில்லை. சாக்குத் துணி வெட்டித் தைக்கப்படுவதற்காகவே அச்சிடப்பட்டது. ஒரே அச்சில் பல துணிகள் இருந்தால் ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் முடிந்த குவில்ட்டைக் கத்தரித்து மேலங்கியும் பொம்மையும் செய்யும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஓரம் கிழிந்தது என்பதற்காகக் 'கட்டர்' என்று பெயரிட்டு மலிவாக விற்கப்படும் குவில்ட்டுகளில் எவ்வளவு நுணுக்கமான கைவேலை இருக்கிறது என்பதை வாங்குவோர் பார்ப்பதே இல்லை.

இன்னொரு வேண்டுகோள். ஏலத்தை நடத்தியவர்கள் வழியாகவாவது அந்தக் குடும்பத்தைத் தொடர்புகொண்டு, தைத்தவரின் பெயரை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். மேலே ஒருவர் குறிப்பிட்ட 1933ஆம் ஆண்டுப் போட்டியில் முதற்பரிசான ஆயிரம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைப் பெற்ற கென்டக்கிப் பெண்மணி, அந்தக் குவில்ட்டைத் தம் கையால் தைக்கவில்லை; வேறு பெண்கள் கூலிக்குத் தைத்தார்கள். அவர்களின் பங்கு பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் தேடிச் சென்ற பிறகே வெளியே தெரிந்தது. அதே கென்டக்கியில்தான் 1981இல் மாநிலம் முழுவதும் குவில்ட்டுகளைப் பதிவு செய்யும் திட்டம் முதன்முதலில் தொடங்கி, பிற மாநிலங்களுக்கும் பரவியது. அந்தப் பதிவுகளில் பலவற்றை இன்று 'குவில்ட் இண்டெக்ஸ்' என்ற இணையத் தொகுப்பில் பார்க்கலாம். உங்கள் வளையக் குவில்ட்டை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல இடம். பெயர் கிடைத்தால் காடாத் துணியில் எழுதி, அடித்துணியின் மூலையில் நான்கு தளர்ந்த தையலிட்டு இணைத்துவிடுங்கள். குவில்ட்டின்மேல் நேரடியாக எழுத வேண்டாம்.

பாவும்ஊடையும் எழுதியது:

'98' என்ற எண்ணைப் படித்ததும் மீண்டும் எழுத வந்தேன். அது அரைப் பீப்பாய் மாவு. 1943இல் அமெரிக்காவின் போர்க்கால உற்பத்தி வாரியம் பை அளவுகளை 2, 5, 10, 25, 50, 100 பவுண்டு என ஆறாகக் குறைத்து ஒழுங்குபடுத்தியது. ஆகவே 98 பவுண்டுப் பட்டையுள்ள சாக்கு பெரும்பாலும் அந்த ஒழுங்குக்கு முந்தையது. அச்சுத் துணியும் உரியும் காகிதப் பட்டையும் சேர்ந்திருப்பதால் 1930களுக்கு முன்னே கொண்டுபோவதும் பொருந்தாது. ஆக, 1930களின் தொடக்கத்துக்கும் 1943க்கும் இடைப்பட்டது என்று நான் குறித்துக்கொள்வேன். தீவனச் சாக்கு என்ற பொதுப் பெயரில் விற்றாலும், உங்களிடம் இருப்பது மாவுச் சாக்கு. மூலையில் தங்கிய தூளும் அதற்கு ஒத்துப்போகிறது.

இதே காரணத்தால் அந்தச் சாக்கைப் பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரித்து விரித்த அச்சுத் துணிகள் இன்னும் நிறையவே கிடைக்கின்றன. தையலும் பட்டையும் ஒருங்கே நிலைத்த சாக்கு மிக அரிது, ஏனெனில் வீட்டுக்கு வந்த நாளிலேயே பிரித்துவிடுவதுதான் வழக்கமாக இருந்தது. ஒரு சாக்கு எப்படி மடிக்கப்பட்டது, எந்தப் பக்கம் தைக்கப்பட்டது, பட்டை எங்கே ஒட்டப்பட்டது என்பதைத் துணியிலிருந்து ஊகிக்கத் தேவையின்றி நேரே காட்டுவது அத்தகைய சாக்கு மட்டுமே.

பருத்திச் சாக்குக்குப் போட்டியாகக் காகிதப் பை வந்த பிறகும், பை உற்பத்தியாளர் சங்கமும் தேசியப் பருத்திக் கவுன்சிலும் சாக்குத் துணித் தையல் போட்டிகளை நடத்தி ஆர்வத்தைத் தக்கவைக்க முயன்றன. கன்சாஸ் மாநிலத்தின் கால்டுவெல் ஊரைச் சேர்ந்த டோரதி ஓவரால் 1959இல் அத்தகைய போட்டிக்காகத் தைத்த உடுப்பு இப்போது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தை அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தில் காணலாம். சாக்குத் துணியை எவ்வளவு நேர்த்தியாகக் கையாண்டார்கள் என்பதற்கு நல்ல சான்று.

இனி நீங்கள் செய்ய வேண்டியதில் ஒன்று பாக்கி இருக்கிறது. துளைகள் உள்ள ஒவ்வொரு துணியையும் கரையிலிருந்து கரைவரை அளந்து, துளைகளுக்கிடையே உள்ள இடைவெளியையும் குறித்து, ஓர் அங்குலத்தில் எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று உருப்பெருக்கியால் எண்ணி எழுதுங்கள். செர்ரித் துணியின் அளவு பிரிக்காத சாக்கின் அளவோடு ஒத்துப்போனால், அதுவும் 98 பவுண்டு மாவுச் சாக்காக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அளவுகளை இங்கே பதிந்தால் என்னிடம் உள்ளவற்றோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.